விளம்பரத்தில் வந்த பிள்ளை

எங்கள் வீட்டுப் பிள்ளை டிவியில் வந்தாள். கிறிஸ்துமஸ் மாதம், வளைகுடா முழுக்கத் தெரிகிற தமிழ்ச் சேனலில், ராத்திரிச் செய்திக்கு முன்னால். பெருமையாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் நடந்தது எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபட்ட வரைக்கும் சொல்கிறேன்.

நான் சுகிர்தராணி, மனாமாவில் நர்ஸ். வீட்டுக்காரர் நேசையன் ஏசி டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் ஊர் குளச்சல் பக்கம். குதைபியாவில் குடியிருக்கிறோம், ஷம்சியா சூப்பர்மார்க்கெட்டுக்கு மேலே மூன்றாவது மாடி. அஜிஷா என் அக்காள் மகள். அக்காள் இறக்கும்போது அவளுக்கு மூன்று வயது. அத்தான் ஜெகினுக்குப் பக்கத்து நாட்டில், ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஃபேக்டரி வேலை, கேம்பில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் பிள்ளையை எங்கே வைப்பார்? கோர்ட், எம்பசி என்று அலைந்து விசா எடுத்து நாங்கள் கொண்டுவந்தோம். இப்போது அவளுக்குப் பத்து வயது. என்னைச் சித்தி என்பாள், நேசையனைச் சித்தப்பா என்பாள். அப்பா என்றால் ஜெகின் அத்தான்தான். வாரம் தவறாமல் போனில் வருவார், ஈஸ்டருக்கு நேரில் வருவார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இப்படி வளர்ந்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இதற்கு ஒரு பெயர் வைத்து, ஆபீஸ் போட்டு, விளம்பரமும் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. ஒரு நாள் அத்தான் வந்து "பிள்ளையத் தா" என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. பெற்றவர் கேட்கிறார், என்ன சொல்வது? அதனால் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் வேலைக்குத் திரும்பிப் போகிற விமானம் ஏறும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இனி விளம்பரக் கதைக்கு வருகிறேன். கடை முதலாளி செய்கு முகம்மது காக்கா காயல்பட்டினத்துக்காரர். கடைக்குத் தன் மனைவி பெயரை வைத்தவர். அவருடைய மருமகன் நுஃமான் லண்டனில் படித்துவிட்டு வந்து, படித்ததைக் கடையில் எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தான். லண்டனில் பெரிய கடைகள் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஒரு விளம்பரம் எடுக்குமாம். அதில் சாமான் எதையும் காட்ட மாட்டார்களாம். ஒரு கதையைக் காட்டி ஊரையே அழவைப்பார்களாம். ஒரு வருஷம் ஒரு கடை, அடுத்தவர் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கிறதைப் பற்றி எடுத்ததாம். நாடே அழுததாம்.

"அழ வெச்சா யாவாரம் ஆவுமா?" என்று காக்கா கேட்டார்.

"அழுதவங்க ஒங்க கடைய மறக்க மாட்டாங்க மாமா."

காக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எத்தீம் பிள்ளையை ஆதரிக்கிற கதை என்றதும் மனசு இளகிவிட்டது. அநாதைப் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுப்பது நன்மை என்றார். "எத்தீம் இல்ல மாமா, அந்தப் புள்ளைக்கு வாப்பா உம்மா ஹயாத்தா, உசுரோடதான் இருக்காங்க" என்றான் நுஃமான். "அப்ப ஏன் அடுத்த வீட்டுல வளருது?" என்று காக்கா கேட்டார். கவர்மெண்ட் ஆபீஸில் இருந்து ஓர் அம்மா கொண்டுவந்து விடுவாள், கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் போனாலும் போகும் என்று அவன் விளக்கினான். சாமானுக்குக் காசு கொடுக்கக் கல்லாவில் நின்றுகொண்டிருந்த எனக்கே புரியவில்லை. காக்கா கடைசியில், "செலவு கம்மியா பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

கதை இதுதான். ஒரு நடுவயசுக்காரர் சடை பின்னக் கற்றுக்கொள்கிறார். தரை துடைக்கிற மாப்பின் நூலில் பின்னிப் பார்க்கிறார், ஜன்னல் திரையின் குஞ்சத்தில் பின்னிப் பார்க்கிறார், தூங்குகிற மனைவியின் தலையில் பின்னி அடி வாங்குகிறார். எதற்கென்று நமக்குத் தெரியாது. கடைசியில் அழைப்பு மணி அடிக்கிறது. கதவுக்கு வெளியே கையில் ஃபைலோடு ஒரு பெண், பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு தலை கலைந்த ஒரு சின்னப் பிள்ளை. அவர், "வாம்மா, உள்ள வா. இது உன் வீடுதான்" என்கிறார். பிள்ளை திரும்பி உட்காருகிறாள், அவர் சடை பின்னுகிறார். ஷம்சியா சூப்பர்மார்க்கெட், கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். முடிந்தது.

நடுவயசுக்காரராகத் தமிழ்ச் சங்க நாடக நடிகர் அனந்தகிருஷ்ணன் நடித்தார், மனைவியாக அவர் மனைவி அகிலாவே நடித்தாள். பிள்ளை வேஷத்துக்கு அஜிஷாவைக் கேட்டார்கள். அவள் ஒரே துள்ளல். ஷூட்டிங் அன்றைக்கு ஃபைல் பிடிக்க வேண்டிய பெண் வரவில்லை. டூட்டி முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த என்னைப் பிடித்து, ஒரு கறுப்புக் கோட்டை மாட்டி, கையில் ஃபைலைத் திணித்துவிட்டான் நுஃமான். பேச வசனம் கிடையாது. பிள்ளையின் தோளைத் தொட்டு மெல்ல உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கதவு திறக்கும்போது பிள்ளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். "ரொம்ப சோகமா எதையாவது நெனச்சுக்கம்மா" என்றான் நுஃமான். அஜிஷா கதவை நிமிர்ந்து பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற பையன்கள் மூக்கை உறிஞ்சினார்கள். வீட்டுக்கு வந்து, "என்ன நெனச்ச மக்ளே?" என்று கேட்டேன். "சீக்ரெட்" என்றாள். அப்பாவிடம் இப்போது சொல்லக் கூடாது, கிறிஸ்துமஸுக்குப் போனில் அனுப்பிச் சர்ப்ரைஸ் கொடுக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டினாள்.

விளம்பரம் வந்த மறுநாள் கடை போன் ஓயவில்லை. சர்ச்சில் கொயர் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை, "மனசு என்னவோ மாதிரி ஆயிட்டு" என்றார்கள். அது அந்தச் சடை பின்னுகிற ஆளுக்கு வேறு இடத்தில் பிறந்த பிள்ளை என்றும், இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தார் என்றும் பாதிப் பேர் முடிவு கட்டினார்கள். அனந்தகிருஷ்ணனின் ஆபீஸில் அவரை ஒரு மாதிரி பார்த்தார்களாம். அகிலாவிடம் இரண்டு பேர், "நீங்க பெரிய மனசுக்காரி" என்று கையைப் பிடித்தார்களாம். இன்னும் பலர் அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கான விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். கடையில் தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோனது. "யாவாரம் ஆவுது போலிருக்கே" என்று காக்கா முதன்முதலாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. இந்த ஊரில் கையில் ஃபைலோடு ஒரு பெண், பக்கத்தில் பையோடு இன்னொரு பெண், முன்னால் ஒரு வீட்டுக் கதவு என்றால் அது ஒன்றே ஒன்றுதான். வேலைக்காரி சப்ளை பண்ணுகிற ஆபீஸ்காரி, புதுக் கத்தாமாவை வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். நாங்கள் எல்லாரும் படிக்கட்டில் தினம் பார்க்கிற காட்சி. எடுக்கும்போது எங்கள் ஒருவர் மண்டையிலும் அது உறைக்கவில்லை. பார்த்தவர்களுக்கு உறைத்தது. பத்து வயசுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு விடுகிறார்கள், அதைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று வேறு போடுகிறார்கள்! ஃபேஸ்புக்கில் காக்காவைக் கிழித்தார்கள். என்னைக் கிழிக்கவில்லை, தோலையே உரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடப் போனால், "நீங்க அந்த ஏஜென்சி அம்மாதானே?" என்று கேட்டார்கள். தமிழ்க்காரி ஒருத்தி, பிள்ளைகளை வேலைக்கு வைப்பது எவ்வளவு பாவம் என்று எனக்கு வகுப்பு எடுத்துவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும் சிஸ்டர். கொஞ்சம் பெரிய ஆளா பாருங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் கையில் ஊசி நல்லபடியாக ஏறியதே பெரிது.

வியாழக்கிழமை நுஃமான் முகம் செத்துப்போய் வந்தான். யாரோ விளம்பரத்தின் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிட்டார்கள். சடையும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. கதவு, நான், ஃபைல், பையோடு பிள்ளை, அவளை உள்ளே தள்ளுகிற என் கை. அதன் மேல் ஒருவனுடைய குரல்: "சொந்தக்காரியே புள்ளைய வேலைக்கு வித்துட்டுப் போறா பாருங்க, ஷேர் பண்ணுங்க." வாட்ஸப்பில் வளைகுடா பூராவும் சுற்றுகிறதாம். காக்கா அன்றைக்கே விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார். "நன்மை செய்யத்தானம்மா நெனச்சேன்" என்று என்னிடம் கையைப் பிசைந்தார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

அன்று ராத்திரி எனக்கு டூட்டி, போன் லாக்கரில் இருந்தது. நேசையன் ஏதோ ஹோட்டல் மொட்டைமாடியில் ஏசி சில்லர் வேலையில் இருந்தார், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். காலையில் பார்த்தால் இரண்டு போனிலும் ஜெகின் அத்தானின் அழைப்புகளாக நிறைந்திருந்தன. திருப்பி அடித்தேன், ஆஃப். ஃபேக்டரியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று மறுபடி மறுபடி அடித்தேன். அஜிஷாவிடம் சொல்லவில்லை. இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போய் வந்தும் போன் ஆஃப்தான். மத்தியானம் நேசையன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு சீரியல் பல்பு வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். நான் மீன் கழுவிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜெகின் அத்தான் நிற்கிறார். தோளில் ஒரு பை, காலில் ஃபேக்டரி பூட்ஸ், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பிள்ள எங்க?" என்றார்.

"கடைக்குப் போயிருக்கா. என்னாச்சு அத்தான், போன் ஏன் ஆஃப்? உள்ள வாங்க."

"ஆளுவ அந்த வீடியோவ கேட்டு விடாம அடிச்சானுவ, ஆஃப் பண்ணிப்போட்டேன். பிள்ளைய கண்ணால பாக்காம நான் உள்ள வரமாட்டேன்."

போனை ஆன் பண்ணி நீட்டினார். அந்தத் துண்டு வீடியோ. என் கை அஜிஷாவின் தோளைத் தள்ளுகிறது. எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

"ஏழு வருசமா நெஞ்சுல போட்டு வளக்கேன். நான் ஒங்க பிள்ளைய வித்துப்போடுவேன்னு நம்பி பிளேன் ஏறி வந்தியளா? எனக்க அக்காளுக்க பிள்ள அவ!"

"கத்தாத சுகிர்தா. நான் நம்பேல. ஆனா ரூமுல அத்தன பேரும் எனக்க மூஞ்சிய பாத்துட்டு இருந்தானுவ. ஒருத்தன், ஒனக்க மக தானேன்னு கேக்கான். ஒனக்க கையில ஃபைலு, எனக்க பிள்ளைக்க கையில பையி. போன் பண்ணா நீயும் எடுக்கேல, நேசையனும் எடுக்கேல. நான் என்னத்த நெனைக்க?"

முழு விளம்பரத்தையும் என் போனில் போட்டுக் கொடுத்தேன். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தார். மாப்பில் சடை பின்னுகிறபோது அவர் உதடு கொஞ்சம் விரிந்தது. கதவு திறந்து அஜிஷாவின் முகம் வந்ததும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்க அப்பன் எங்க?" என்றார்.

"இது கதை அத்தான். வெளம்பரம்."

"வெளங்குது. கதையில அவன் எங்க?"

ஊரே அந்த விளம்பரத்தைப் பார்த்து என்னவெல்லாமோ கேட்டது. கள்ளப் பிள்ளையா, கத்தாமாவா, என்ன எண்ணெய் என்று எல்லாம் கேட்டது. இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நுஃமானிடம் நானும் கேட்கவில்லை.

"தெரியல அத்தான்" என்றேன்.

அவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டுதான் வந்தேன், இனி வரமாட்டேன்னு. வந்ததும் வந்தாச்சு. பிள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒங்க மேல ஒரு குறையும் இல்ல சுகிர்தா. அங்க ஏதாவது வேல பாத்துக்கிடுவேன். கூலி வேலைன்னாலும் அவ கூட இருப்பேன்லா."

இத்தனை வருஷமாகப் பயந்த பேச்சு, கடைசியில் வாசலிலேயே நின்று வந்துவிட்டது. மாட்டேன் என்று கத்தலாமா? அவளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லலாமா? இதையா சொல்வது? மீன் கழுவிய கையோடு அப்படியே நின்றேன். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. அஜிஷா முன்னால் ஓடி வந்தாள், பல்பு சுற்றிய அட்டை கையில் இருந்தது. கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"அப்பா?"

அடுத்த நொடி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தார், எங்கேயாவது அடி கிடி பட்டிருக்கிறதா என்பது மாதிரி. பின்னால் வந்த நேசையன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்ப்பா சொல்லாம வந்தீங்க? சர்ப்ரைஸா?"

"ஆமா மக்ளே. நீ டிவில வந்தியாமே."

"ஐயோ, யாரு சொன்னா? அது என்னோட சர்ப்ரைஸ்!"

அவர் குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "அந்தக் கதவு முன்ன நிக்கும்போ என்னத்த நெனச்ச, மக்ளே?"

அஜிஷா என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்லாத ரகசியம். கொஞ்சம் நெளிந்தாள்.

"நுஃமான் அங்கிள் சோகமா நெனைக்கச் சொன்னாரு. நான் நெனைக்கல. உள்ள நீங்க இருக்கீங்கன்னு நெனச்சேன். டோர் ஓப்பன் பண்ணா அப்பா நிப்பாருன்னு. ஹேப்பியாதான் நெனச்சேன், எல்லாரும் ஏன் அழுதாங்கன்னு தெரியல."

எனக்கு நெஞ்சில் குத்தியது. பொய் சொல்ல மாட்டேன், குத்தத்தான் செய்தது. ஏழு வருஷமாக அவளுக்குக் கதவு திறந்துவிடுகிறவள் நான். ஜெகின் அத்தான் கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். பிள்ளை அவருடையது, நாளைக்கே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றுகூட அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

அஜிஷாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவர் கைக்கு அடியில் குனிந்து, என்னையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பல்பு அட்டையைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, அனந்தகிருஷ்ணன் மாதிரியே குரலைக் கட்டையாக்கினாள்.

"வாங்க, உள்ள வாங்க. இது உங்க வீடுதான்."

நேசையன் சிரித்துவிட்டார். அத்தானும் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். கதவுக்கு உள்ளே நிற்கிற மகளைப் பார்த்தார், வெளியே நிற்கிற தன் பூட்ஸைப் பார்த்தார், தோளில் தொங்குகிற பையைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் வீட்டுக்காரியாக நிற்பது அவள், விருந்தாளியாக வந்து நிற்பது அவர்.

குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஊருக்குக் கூட்டிப் போகிற பேச்சு இனி வராது என்று அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை எங்களோடுதான் இருப்பாள். நான் சந்தோஷப்பட வேண்டும், இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது இதைத்தானே? ஆனால் எனக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறீர்கள் என்று ஊரைக் கேட்டவள், நானும் எதற்கென்று தெரியாமல் மீன் வாடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அத்தான் உள்ளே வந்தார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் உட்காருகிற சோபா அங்கேயேதான் கிடந்தது. அதன் பக்கத்தில் போய், பையை இறக்காமல் நின்றார். அப்புறம் தன் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எங்க உக்காரட்டும், மக்ளே?"